குச்சியும் சேறும் கொண்ட அணை மலை ஓடையில் எப்படி நிற்கிறது?

கேட்கப்பட்டவை மூன்று. வட அமெரிக்க மலைகளில் பீவர் என்னும் விலங்கு கட்டும் அணை அவ்வளவு வேகமான தண்ணீரில் எப்படி நிற்கிறது? நின்றால் கீழே போகும் தண்ணீர் குறைந்துவிடாதா? உடைந்தால் கீழே இருப்பவர்களுக்கு ஆபத்தில்லையா?

மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. பீவர் அணை ஒழுகுகிற அணை. மேலே வழியும், நடுவே கசியும், அடியில் ஊறும், ஓரத்தில் சுற்றிக்கொண்டு போகும். ஒழுகுவதால்தான் அது நிற்கிறது, கீழே தண்ணீரும் போகிறது. உடைந்தாலும் பெரும்பாலும் சேதம் சிறியதாகவே இருக்கிறது. காவிரியில் மணல் மூட்டையும் மண்ணும் போட்டு வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்பும் கொரம்பைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். நீர்மட்டத்தை ஓரிரு முழம் தூக்குவதுதான் நோக்கம், ஆற்றை நிறுத்துவது யாருடைய எண்ணமும் இல்லை.

பெயரை முதலில் சரிசெய்துகொள்வோம். சிலர் பீவரை ‘நீர்நாய்’ என்று எழுதுகிறார்கள். அது தவறு. நீர்நாய் என்பது காவிரியில் மீன் பிடித்துத் தின்னும் வேறொரு விலங்கு. பீவர் கொறித்துண்ணி, எலியும் அணிலும் அதன் உறவு. மீனைத் தொடாது. மரப்பட்டை, இளங்கிளை, இலை, அல்லிக்கிழங்கு ஆகியவையே அதன் உணவு. வளர்ந்த பீவர் பொதுவாக 16 முதல் 30 கிலோ இருக்கும். வட அமெரிக்க இனம் ஒன்று, ஐரோப்பா–ஆசிய இனம் ஒன்று என இரண்டே இனங்கள். இங்கே சொல்வது ராக்கி மலைகளிலும் அதற்கு மேற்கே உள்ள மலைகளிலும் வாழும் வட அமெரிக்க இனத்தைப் பற்றி.

பீவருக்கு வேண்டியது ஆழம். தரையில் அது மெதுவாக நடக்கும் கொழுத்த விலங்கு. ஓநாய்க்கும் கரடிக்கும் பூமாவுக்கும் எளிதான இரை. தண்ணீருக்குள் போய்விட்டால் 15 நிமிடம் வரை மூச்சடக்கும், யாரும் தொட முடியாது. அதனால் வீட்டு வாசலைத் தண்ணீருக்கு அடியில் வைக்கிறது. மலையில் இன்னொரு கட்டாயமும் உண்டு. குளிர்காலத்தில் குளத்தின் மேற்பரப்பு அரை மீட்டரோ அதற்கு மேலுமோ உறைந்துவிடும். அடிவரை உறைந்தால் வாசல் அடைபட்டுக் குடும்பம் உள்ளேயே பட்டினி கிடக்கும். பனிக்கட்டிக்குக் கீழே நீந்திப் போய், இலையுதிர்காலத்திலேயே குளத்தடியில் செருகி வைத்த கிளைகளை எடுத்துவந்து பட்டையைத் தின்றுதான் குளிர்காலம் கழிகிறது. ஆகவே ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழமாவது வேண்டும். ஆறு ஏற்கெனவே ஆழமாக இருந்தால் பீவர் அணை கட்டுவதே இல்லை. கரையில் வளை தோண்டிக் குடியிருந்துவிடும்.

எந்த ஓடையில் கட்டும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். 100 மீட்டருக்கு 2 மீட்டர் இறங்கும் ஓடையில் ஒரு மீட்டர் உயர அணை கட்டினால் தண்ணீர் 50 மீட்டர் பின்னோக்கித் தேங்கும். 5 மீட்டர் இறங்கினால் 20 மீட்டர். 10 மீட்டர் இறங்கினால் வெறும் 10 மீட்டர்தான். உழைப்பு ஒன்றுதான், பலன் ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. அதனால் 100 மீட்டருக்கு 6 மீட்டருக்குள் இறங்கும் இடங்களையே பீவர் பெரிதும் நாடுகிறது. அதைவிடச் செங்குத்தான இடங்களில் அணை அரிதாகிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் இல்லாமலே போகிறது. மலை ஓடை என்றதும் பாறையில் விழுந்து சிதறும் அருவிதான் மனதில் வரும். ஆனால் ராக்கி மலை ஓடைகள் படிக்கட்டு போன்றவை. செங்குத்தாக ஓரிடத்தில் இறங்கும், பிறகு பழைய பனியாறு அகலமாக்கி விட்டுப்போன தட்டையான பள்ளத்தாக்கில் நெளிந்து போகும், மறுபடி இறங்கும். அந்தத் தட்டையான படிகள்தான் பீவரின் நிலம். கொலராடோவில் 3,000 மீட்டருக்கு மேலும் குளங்கள் இருக்கின்றன.

இனி அணை எழும் விதம்.

பீவரின் முன்பற்கள் ஆரஞ்சு நிறம். பல்லின் முன்புறப் பூச்சில் இரும்பு இருப்பதால் அந்த நிறமும் உறுதியும். பின்புறம் மிருதுவானது, சீக்கிரம் தேயும். முன்புறம் தேயாது. இதனால் கொறிக்கக் கொறிக்க உளி போல விளிம்பு தானாகவே தீட்டப்படுகிறது. பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். உதடுகள் பற்களுக்குப் பின்னால் மூடிக்கொள்வதால் தண்ணீருக்குள்ளேயே கிளையைக் கடிக்க முடிகிறது. மரத்தை வெட்டும்போது தலையைச் சாய்த்து, மேல்பற்களை ஊன்றிக்கொண்டு கீழ்ப்பற்களால் செதுக்கும். வெட்டுவாயில் பல்லின் அகலத்துக்கு ஏற்ற வரிவரியான தடம் தெரியும். அடியில் வெள்ளைச் சிராய்கள் குவிந்திருக்கும். விரல் பருமன் கிளை ஓரிரு கடியில் போய்விடும். 10 செ.மீ. பருமன் ஆஸ்பென் மரம் ஓரிரவுக்குள் சாயும். இந்தப் பக்கம் விழவேண்டும் என்று திட்டமிட்டுப் பீவர் வெட்டுவதில்லை. நீரோரத்து மரங்கள் வெளிச்சம் தேடித் தண்ணீர்ப் பக்கமே சாய்ந்து வளர்வதால் பெரும்பாலும் அந்தப் பக்கம் விழுகின்றன.

அணைக்கு இடம் தேர்ந்ததும் முதலில் அடித்தளம். ஓடை குறுகும் இடத்தில், ஒரு பாறையோ விழுந்த மரமோ ஏற்கெனவே கிடந்தால் அதிலிருந்தே தொடங்கும். கிளைகளைப் பெரும்பாலும் நீரோட்டத்தின் போக்கிலேயே கிடத்தி, மேலே கல்லையும் சேற்றையும் ஏற்றி அமுக்கும். போக்கில் கிடக்கும் கிளையைத் தண்ணீர் புரட்டுவது கடினம். கிளைகளின் பக்கக்குச்சிகள் படுகைக் கூழாங்கற்களில் கொக்கி போல மாட்டிக்கொள்ளும். அதற்கு மேல் அடுக்கடுக்காகக் கிளை, வேர், புல்கட்டி, கல். கீழ்ப்பக்கத்தில் சில நீண்ட கழிகள் படுகையில் ஊன்றி முட்டுக்கொடுப்பது போலச் சாய்ந்திருக்கும். கடைசியாக மேல்பக்கத்துக்கு, அதாவது தண்ணீர் முட்டும் பக்கத்துக்குச் சேற்றுப்பூச்சு. குளத்தின் அடியிலிருந்து சேற்றைத் தோண்டி, முன்கால்களுக்கும் மோவாய்க்கும் நடுவில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டுவந்து தள்ளி அமுக்கும். வாலைக் கரணையாக்கிப் பூசுகிறது என்று சொல்வதுண்டு. அது உண்மையில்லை. வால் நீந்துவதற்கும், உட்காரும்போது முட்டுக்கொடுப்பதற்கும், கொழுப்பு சேர்ப்பதற்கும், ஆபத்தில் தண்ணீரை ‘பளார்’ என்று அடித்துக் குடும்பத்தை எச்சரிப்பதற்கும்தான்.

எங்கே சேறு பூசுவது என்பதை எப்படி அறிகிறது? சத்தத்தை வைத்துத்தான் பெரும்பகுதி. சுவீடனைச் சேர்ந்த லார்ஸ் வில்சன் 1960-களில் இதைச் சோதித்தார். தண்ணீர் சலசலக்கும் ஓசையை ஒலிபெருக்கியில் ஓடவிட்டபோது, அங்கே தண்ணீரே ஓடாவிட்டாலும் பீவர்கள் ஒலிபெருக்கியைக் குச்சியும் சேறும் கொண்டு மூடின. பெற்றோரைப் பார்க்காமல் வளர்ந்த குட்டிகளுக்கும் அணை கட்டத் தெரிந்திருந்தது. ஆனால் இது வெறும் சத்தத்துக்கு ஆடும் பொம்மை வேலையும் இல்லை. நீர்மட்டம் இறங்கினாலும், தண்ணீர் இழுக்கும் திசையை உடலில் உணர்ந்தாலும் ஓட்டையைத் தேடிப்போய் அடைக்கும். இந்த ஓசை விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் குழாய் பதிக்கும்போது இதுதான் வேலையைக் கெடுக்கும்.

உயரம் ஏன் ஒன்று, ஒன்றரை மீட்டரோடு நிற்கிறது? ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர், அணையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின் மீதும் ஏறத்தாழ 500 கிலோ எடை அளவுக்குத் தள்ளும். ஆழம் இரண்டு மீட்டரானால் தள்ளுவிசை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகி 2,000 கிலோ ஆகிவிடும். ஆகவே உயர்ந்த ஒரே அணையைவிடத் தாழ்ந்த நான்கு அணைகள் எவ்வளவோ பாதுகாப்பு. பீவர் குடும்பம் செய்வதும் அதுதான். வீடு இருக்கும் பெரிய குளத்துக்கு ஒரு முதன்மை அணை. அதற்குக் கீழே சிறிய அணைகள். கீழ்க்குளத்தின் தண்ணீர் மேல் அணையின் காலடி வரை தேங்கி நிற்பதால், மேல் அணையின் இரு பக்க நீர்மட்ட வேறுபாடு குறைகிறது. வழிந்து விழும் தண்ணீர் வெறும் மண்ணைக் குடையாமல் குளத்துத் தண்ணீரிலேயே விழுகிறது. நம் பொறியாளர்கள் கலிங்குக்குக் கீழே கல்தளம் போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

நீளத்துக்கு அப்படி வரம்பில்லை. கனடாவின் ஆல்பர்ட்டாவில் வுட் பஃபலோ தேசியப் பூங்காவில், 2007-இல் செயற்கைக்கோள் படத்தில் கண்டறியப்பட்ட அணை 700 மீட்டருக்கு மேல் நீளம். அது சமவெளிச் சதுப்பு நிலம். மலை ஓடையில் சில மீட்டரிலிருந்து சில பத்து மீட்டர் வரைதான் வழக்கம்.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். தண்ணீர் குறையுமா?

புதிதாக ஒரு குளம் நிரம்பும் சில நாட்கள் கீழே வரத்து குறையும். நிரம்பியபின் வருவது போகும். கொஞ்சம் ஆவியாகும், கரையோரச் செடிகள் கொஞ்சம் குடிக்கும். பீவர் தண்ணீரை உண்டாக்குகிறது என்று சில ஆர்வலர்கள் எழுதுவதை நான் ஏற்பதில்லை. மழையும் பனியும் தந்த அளவுதான் அளவு. மாறுவது, அது வந்துசேரும் நேரம். ராக்கி மலைகளில் ஆண்டின் பெரும்பகுதித் தண்ணீர் மே, ஜூன் மாதங்களில் பனி உருகும்போது சில வாரங்களில் பாய்ந்து போய்விடுகிறது. அணைகள் அந்த வேகத்தைத் தடுத்து, தண்ணீரைக் கரைமேல் ஏற்றிப் பள்ளத்தாக்கு முழுக்கப் பரப்புகின்றன. பரவிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் குளத்தைவிட மண்ணுக்குள் போன தண்ணீர்தான் பெரிய விஷயம். அது மெதுவாக நகர்ந்து, ஆகஸ்ட், செப்டம்பரில் கீழே ஊற்றாக ஓடைக்குத் திரும்புகிறது. ராக்கி மலை தேசியப் பூங்காவில் கொலராடோ ஆற்றின் தலைப்பகுதியில் செரி வெஸ்ட்புரூக்கும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கிணறு கிணறாக அளந்து காட்டியது. அங்கே பீவர் அணைகள் பள்ளத்தாக்கு மண்ணை நனைத்த பரப்பும் காலமும், பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் பெருவெள்ளம் நனைப்பதைவிட அதிகம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பள்ளத்தாக்கில் ஆழமான வண்டலும் கூழாங்கல் படுகையும் இருக்கவேண்டும். இருபுறமும் பாறைச்சுவர் உள்ள குறுகிய இடுக்கில் மண்ணே இல்லை, தண்ணீர் எங்கே போய்ச் சேரும்? அங்கே அணை குளத்தை மட்டும் தரும், கோடைக்காலத்து ஊற்றைத் தராது. தன் ஓடைக்கும் இது உதவுமா என்று கேட்பவர் முதலில் கரையில் ஒரு குழி தோண்டி மண்ணைப் பார்க்கவேண்டும்.

ஈரமண் தீயையும் தாங்குகிறது. எமிலி ஃபேர்ஃபாக்ஸும் ஆண்ட்ரூ விட்டிலும் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மேற்கில் ஐந்து பெரிய காட்டுத்தீக்களைச் செயற்கைக்கோள் படங்களில் ஒப்பிட்டார்கள். அணை இருந்த ஓடைக்கரைகளைவிட இல்லாத கரைகளின் பசுமை ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகப் பாதிக்கப்பட்டிருந்தது.

உடைவது பற்றி. உடையும். மலை ஓடையில் பல அணைகள் பனி உருகும் வெள்ளத்தில் ஏதோ ஓர் ஆண்டு உடைந்தே தீரும். எங்கே எப்படி உடைகிறது என்பதைப் பார்த்தால் மூன்று விதம்தான். முதலாவது, ஓரம் அறுப்பது: அணையின் முனை கரையோடு சேரும் இடத்தில் தண்ணீர் சுற்றிக்கொண்டு கரைமண்ணைக் கரைத்துப் புதுவழி எடுக்கும். இரண்டாவது, அடி குடைவது: வழியும் நீர் விழும் இடத்தில் பள்ளம் விழுந்து, அது பின்னோக்கி வளர்ந்து அணைக்கு அடியில் துளையாகும். மூன்றாவது, நடு உடைப்பு: மேல் அடுக்கு அடித்துப்போய் அங்கே தண்ணீர் குவிந்து வெட்டிக்கொண்டு இறங்கும். பெரும்பாலான உடைப்புகள் முழு அணையையும் எடுப்பதில்லை. ஒரு பக்கம் திறக்கும், மீதி கரைபோல நிற்கும். வெள்ளம் வடிந்ததும் குடும்பம் திரும்ப வந்து அடைக்கும். கட்டுமான வேலை உச்சத்தில் இருப்பது கோடை முடிவிலிருந்து பனி விழும்வரை. காரணம், அப்போது தண்ணீர் குறைவு, குளிர்காலம் நெருக்கத்தில்.

ஆபத்தின் அளவைக் கணக்கிடுவோம். 100-க்கு 2 இறங்கும் ஓடையில் ஒரு மீட்டர் உயர அணை, 20 மீட்டர் அகலக் குளம் என்றால் அடங்கும் தண்ணீர் சுமார் 500 கன மீட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி நாற்பதுக்குச் சற்று மேல். அகன்ற பள்ளத்தாக்கில் இது கீழ் அணைகளில் பரவி அடங்கிவிடும். ஆனால் அணைத்தொடருக்கு நேர்கீழே குறுகிய பள்ளத்தாக்கு, அதில் சிறுபாலம், அதன் மேல் சாலை என்று இருந்தால் நிலைமை வேறு. அடித்து வந்த கட்டைகள் சிறுபாலத்தின் வாயை அடைத்துச் சாலைக்கரையையே அறுத்துவிடும். அங்கே கவலைப்படுவது நியாயம். அதற்காக அணையை ஒரே மூச்சில் இடித்துவிடக்கூடாது. இயந்திரம் வைத்து இழுத்தால் நீங்களே வெள்ளத்தை உண்டாக்கியவர் ஆவீர்கள். நடுவில் மேலிருந்து ஒரு சாண் அளவுக்கு வெட்டி, மட்டம் இறங்கக் காத்திருந்து, மறுபடி வெட்டவேண்டும். குடும்பம் அங்கேயே இருந்தால் மறுநாள் காலைக்குள் வெட்டிய இடம் அடைபட்டிருக்கும்.

அடைக்கும் விலங்கோடு சண்டை போடாமல் மட்டத்தை இறக்க வழி உண்டு. அணை வழியாகக் குழாய் பதிப்பது. 25 முதல் 30 செ.மீ. விட்டமுள்ள இரட்டைச்சுவர் பிளாஸ்டிக் குழாய் வேண்டும். அணையில் ஒரு வெட்டு எடுத்து, குழாயின் மட்டம் நீங்கள் விரும்பும் குளமட்டத்தில் நிற்குமாறு கிடத்தி, மேலே சேற்றாலும் குச்சியாலும் மூடவேண்டும். குழாயின் உள்வாய் அணையிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, குளத்தின் ஆழமான இடத்தில் இருக்கவேண்டும். அந்த வாயைச் சுற்றி 15 செ.மீ. கண் கொண்ட கம்பிவலையில் ஏறத்தாழ 1.8 மீட்டர் விட்டமுள்ள உருளைக்கூண்டு. கூண்டு முழுக்கத் தண்ணீருக்குள் அமிழவேண்டும். பீவர் அணைப்பக்கம்தான் கசிவைத் தேடும். தொலைவில், ஆழத்தில், அகன்ற கூண்டுக்குள் தண்ணீர் மெல்ல நுழைவதால் சத்தமும் இழுப்பும் அதற்குத் தெரியாது.

எங்கே தவறுகிறார்கள்? கூண்டைச் சிறிதாகச் செய்தால் இழுப்பை உணர்ந்து சுற்றிலும் சேறு குவித்துவிடும். மட்டத்தை ஒரேயடியாக இறக்கினால் வாசல் வெளியே தெரியும் அச்சத்தில் கீழே இன்னொரு அணை கட்டும். வாழ ஒரு மீட்டர் ஆழம் விட்டுவைக்கவேண்டும். மலையில் மட்டும் வரும் கோளாறு, வெள்ளத்தில் உருண்டுவரும் கூழாங்கல் கூண்டை நிரப்பிவிடுவது. அதனால் ஓடை குளத்துக்குள் நுழையும் வாய்க்கு நேரே கூண்டை வைக்கக்கூடாது. இலையுதிர்காலம் முடிந்ததும் ஒருமுறை, பனி உருகிய பின் ஒருமுறை சென்று அள்ளிவிடவேண்டும். இந்தக் குழாய் அன்றாட மட்டத்துக்குத்தான், பெருவெள்ளம் எப்போதும்போல அணைமேல்தான் போகும்.

சிறுபாலத்தையே பீவர் அணையாக்கிக்கொள்ளும் சிக்கலும் அடிக்கடி வருவது. சாலைக்கரை ஏற்கெனவே பெரிய அணை, அடைக்க ஒரே ஓர் ஓட்டை, அதில் சலசலப்பு வேறு. அதற்கு வாயிலிருந்து ஓடையின் மேல்பக்கம் நோக்கி விரிந்து போகும் நாற்கர வேலி போடுவார்கள். பீவர் வேலியை ஒட்டி அடைத்துக்கொண்டே போகப்போக ஓட்டையிலிருந்து விலகிப்போவதால் ஓசை குறைந்து ஆர்வம் குறையும். வேலியின் மொத்தச் சுற்று 12 மீட்டருக்குக் குறைந்தால் முழுதாகச் சுற்றி அடைத்துவிடும். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் பெனோப்ஸ்காட் பழங்குடியினரிடம் பணியாற்றிய ஸ்கிப் லைல் இந்த வகை வேலிகளை வளர்த்தெடுத்தவர்.

மரங்களைக் காப்பது எளிது. அடிமரத்தைச் சுற்றி 10 முதல் 15 செ.மீ. இடைவெளி விட்டு வெல்டு மெஷ் வளையம், உயரம் 1.2 மீட்டர். மலையில் இந்த 1.2 மீட்டரைப் பனிமட்டத்திலிருந்து அளக்கவேண்டும். வசந்தத் தொடக்கத்தில் பனிமேல் நின்று வெட்டுவதால் ஆள் உயரத்தில் வெட்டுவாய் கொண்ட அடிமரங்களை அங்கே காணலாம். வலை வேண்டாம் என்றால் லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சலித்த மணல் கலந்த எமல்ஷன் பெயிண்டைப் பூசலாம். மணல் பல்லுக்குப் பிடிக்காது. இளங்கன்றுக்குப் பூச்சு வேண்டாம், வலைதான்.

இந்த விலங்கோடு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். அது இல்லாமல் போனபோது என்ன ஆனது என்பதுதான் விடை. பீவர் மயிரில் செய்த தொப்பிக்காக ஐரோப்பியச் சந்தை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் வேட்டையாடியது. 1670-இல் தொடங்கிய ஹட்சன் பே கம்பெனியின் முதன்மைச் சரக்கே பீவர் தோல். 1900-க்குள் அமெரிக்காவின் பல மலைப்பள்ளத்தாக்குகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. பராமரிப்பில்லாத அணைகள் உடைந்தன. ஓடை தன் பழைய வண்டலையே வெட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கியது. ஓடை ஒரு மீட்டர் இறங்கினால் கரையோர நிலத்தடி நீரும் கூடவே இறங்கும். வேர் எட்டாத வில்லோப் புதர்கள் காய்ந்தன. வில்லோ இல்லாத இடத்துக்குப் பீவர் திரும்ப வந்தாலும் உண்ணவும் கட்டவும் ஒன்றுமில்லை.

யெல்லோஸ்டோன் பூங்காவின் வடபகுதி இதற்கு நல்ல சான்று. 1920-களில் அங்கே ஓநாய்கள் ஒழிக்கப்பட்டன. எல்க் மான்கள் பெருகி வில்லோவைக் கடித்துக் குட்டையாக்கின, பீவர் போனது, ஓடைகள் ஆழ்ந்தன. 1995-96-இல் ஓநாய்கள் மீண்டும் விடப்பட்டன. ஓநாய் வந்ததும் ஆறே மாறிவிட்டது என்று பரவலாகச் சொல்லப்படும் கதை அழகானது, முழு உண்மை இல்லை. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001 முதல் அங்கே சில இடங்களில் மானுக்கு வேலி மட்டும் போட்டார்கள், சில இடங்களில் சிறு அணை மட்டும், சில இடங்களில் இரண்டும். இரண்டும் இருந்த இடத்தில்தான் வில்லோ நன்றாக ஓங்கி வளர்ந்தது. மேய்ச்சலைத் தடுத்தாலும் நீர்மட்டம் ஏறாமல் மரம் ஏறவில்லை.

ஆகவே இப்போது மனிதர்கள் முதலில் ஓர் அணையைக் கட்டிக்கொடுத்து, நீர்மட்டத்தை ஏற்றி, வில்லோவை வளரவிட்டு, பீவர் வர வழிசெய்கிறார்கள். ஓரிகன் மாநிலத்தின் பிரிட்ஜ் கிரீக் ஓடையில் 2009-இல் தொடங்கிய வேலை இதில் முன்னோடி. அங்கே பீவர் தானாகவே பல அணைகளைச் சேர்த்துக் கட்டியது, ஸ்டீல்ஹெட் மீன்குஞ்சுகளும் அதிகம் பிழைத்தன. அணை மீனை மறிக்கும் என்ற பழைய அச்சத்துக்கும் அது விடை சொன்னது. ஓரத்துக் கிளைவழிகளிலும் வெள்ளநேர வழிதலிலும் மீன்கள் ஏறிப்போயின.

செய்யும் முறை இதுதான். அமெரிக்காவில் ஓடையைத் தொடுமுன் ராணுவப் பொறியாளர் படையிடமும் மாநிலத்திடமும் அனுமதி வேண்டும். வேலை கோடை முடிவில், தண்ணீர் குறைந்தபோது. மருந்தேற்றாத மரமுளைகள், 7 முதல் 10 செ.மீ. பருமன், ஒரு முனை கூர். ஓடைக்குக் குறுக்கே 30 முதல் 50 செ.மீ.க்கு ஒன்றாக, வெளியே தெரியும் உயரத்துக்குக் குறையாமல் படுகைக்குள் அறையவேண்டும். வெளியே தெரிவது ஒரு மீட்டருக்குள். பிறகு பச்சை வில்லோக் குச்சிகளை முளைகளுக்கு முன்னும் பின்னுமாக, படல் பின்னுவது போல, அடியிலிருந்து நெருக்கிப் பின்னவேண்டும். ஒவ்வொரு சுற்றையும் காலால் மிதித்து இறக்கவேண்டும். மேல்பக்கத்தில் அடியில் கூழாங்கல், அதன்மேல் புல்கட்டி, களிமண், வைக்கோல் என நிரப்பி மிதிக்கவேண்டும். கீழ்ப்பக்கம் தண்ணீர் விழும் இடத்தில் கிளைகளை மெத்தைபோலப் பரப்பி அமுக்கவேண்டும்.

மேலே சொன்ன மூன்று உடைப்புகளும் இங்கேயும் அப்படியே வரும். ஓரம் அறுக்காமல் இருக்க இரு முனைகளையும் கரையைத் தாண்டிப் பள்ளத்தாக்குத் தரைமீது நீட்டவேண்டும், நடுவைவிட முனைகள் சற்று உயர்ந்திருக்கவேண்டும். அடி குடையாமல் இருக்க மெத்தையும், கீழே தேங்கவைக்கும் குட்டையான இரண்டாவது அணையும். ஒரே அணையோடு நிறுத்துவதுதான் புதியவர்கள் செய்யும் பெருந்தவறு, நான்கைந்தாகக் கட்டினால் ஒன்று போனாலும் அடுத்தது தாங்கும். படுகை பாறையாகவோ பெருங்கல்லாகவோ இருந்தால் முளை இறங்காது. வலிந்து அறைந்தால் பிளக்கும். அங்கே முளையில்லாமல் கிளையும் கல்லும் மட்டும் அடுக்குவது நல்லது. இவற்றின் ஆயுள் சில ஆண்டுகள்தான், ஆண்டுதோறும் சேறு வைக்கவேண்டும். பீவர் வந்து பொறுப்பேற்றுக்கொண்டால் அந்த வேலை மிச்சம்.

வேறிடத்தில் பிடித்த பீவரை மலையில் கொண்டுவிடுவதும் நடக்கிறது. 1948-இல் ஐடஹோ மாநிலத்தில், போரில் மிஞ்சிய பாராசூட்டுகளில் பெட்டி கட்டி 76 பீவர்களைச் சாலையில்லாத மலைக்காட்டில் இறக்கினார்கள். ஒன்றைத் தவிர எல்லாம் உயிரோடு இறங்கின. வாஷிங்டன் மாநிலத்தின் மெத்தாவ் பள்ளத்தாக்கில் 2008 முதல் நடக்கும் பணியில் ஜோடி சேர்த்து, விடும் இடத்தில் தற்காலிக வீடும் வெட்டிய கிளைகளும் வைத்து விடுகிறார்கள். தனியாக, தங்க ஆழமில்லாத ஓடையில் விட்ட பீவர் கிளம்பிப் போய்விடும், போகும் வழியில் பூமாவுக்கு இரையாகும்.

எல்லா மலைக்கும் இது பொருந்தாது என்பதற்குத் தென் அமெரிக்காவின் தென்முனையில் உள்ள டியர்ரா டெல் ஃபியூகோவைப் பார்க்கவேண்டும். 1946-இல் அர்ஜென்டினா தோல் வணிகத்துக்காகக் கனடாவிலிருந்து 20 பீவர்களைக் கொண்டுபோய் அங்கே விட்டது. இன்று பல பத்தாயிரம். வில்லோவும் ஆஸ்பெனும் வெட்ட வெட்டத் துளிர்ப்பவை. வில்லோக் கிளையைச் சேற்றில் செருகினாலே வேர்விடும். பீவரோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிய மரங்கள் அவை. தென்முனையின் லெங்கா மரம் அப்படியில்லை. வெட்டினால் எளிதில் துளிர்க்காது, வேர் நனைந்து நின்றால் சாகும். அங்கே அணைக்குப் பின்னால் சாம்பல்நிற மரக்கட்டைகள்தான் நிற்கின்றன. அர்ஜென்டினாவும் சிலியும் அவற்றை அகற்றப் பாடுபடுகின்றன.

நிற்குமா என்ற முதல் கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்லி முடிக்கிறேன். கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் உயரத்தில் பீவர் இயற்கையாக இருந்ததே இல்லை என்று அரசுத்துறைகளே நீண்டகாலம் நம்பின. 1,600 மீட்டருக்கு மேலே உள்ள ரெட் குளோவர் ஓடை தன் கரையை வெட்டி இறங்கியபோது, 1988-இல் மண்ணுக்குள் புதைந்த பீவர் அணை ஒன்று வெளியே தெரிந்தது. பிற்காலத்தில் அதன் கட்டைகளை, வயதைச் சொல்லும் கரிமக் கணிப்புக்கு அனுப்பினார்கள். 2012-இல் வெளியான முடிவின்படி ஒன்று ஏறத்தாழ கி.பி. 580, இன்னொன்று 1730, மற்றொன்று 1850. ஒரே அணையில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி உள்ள கட்டைகள்.